எமன் கணக்கும் எந்திரக் கணக்கும்!

பீச் ஸ்டேஷனிலிருந்து வரும் மின்சார ரயிலில், தாம்பரத்துக்கு முந்தின ஸ்டேஷன் சானடோரியம். 'சானடோரியத்துல குடியிருக்கோம்' என்று வெளியூர் உறவுக்காரரிடம் சொல்லிப் பாருங்கள்... 'அடடா, உடம்புக்கு என்ன?' என்பார்! அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. 1928-ல் டாக்டர் சௌரி முத்து இங்கே காசநோய்க்காரர்களுக்காக ஆரம்பித்த ஆஸ்பத்திரியால் வந்த பெயர் அது. அப்போது இந்த நோய்க்கு மாத்திரை ஏது? நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு... இவ்வளவுதான் வைத்தியம்.

இன்றைக்கு மாத்திரை இருக்கிறது. ஆறு மாசம் ஒழுங்காகச் சாப்பிட்டால் பெரும்பாலோர் பிழைத்துவிடலாம். அப்புறமும் சிலர் ஏன் சாகிறார்கள்? எலும்பும் தோலுமாக, கடைசி நேரத்தில் வந்து சேர்வதால்தான். மருந்து வேலை செய்ய அவர்கள் உடம்பு அவகாசம் தருவதில்லை.

இப்படிப்பட்டவர்களை முதல் நாளே அடையாளம் காண, 2022-ல் தமிழக அரசு 'காசநோய் இறப்பில்லா திட்டம்' கொண்டுவந்தது. பார்ப்பது ஐந்தே விஷயம்: உயரத்துக்கேற்ற எடை, கால் வீக்கம், மூச்சின் வேகம், ரத்தத்தில் ஆக்ஸிஜன், பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்பது. நிலைமை மோசமென்றால் உடனே பெட்!

2025-ல் இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், பழைய நோயாளிகளின் விவரங்களை வைத்து ஒரு கணக்கு தயாரித்தது. 'இவர் இறந்துபோக இத்தனை சதவிகிதம் வாய்ப்பு' என்று அது சொல்லிவிடும். சித்ரகுப்தன் வேலையில் பாதியைக் கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டது!

'நல்ல விஷயம்தானே ஸார்?' என்கிறீர்களா. சந்தேகமில்லாமல்! ஆனால், அமெரிக்காவில் நடந்த ஒரு கதையையும் கேட்டு வையுங்கள்.

1990-களில் நிமோனியா நோயாளிகளில் யாரை அட்மிட் செய்வது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று பார்க்க, பழைய கேஸ்களைக் கொடுத்துக் கம்ப்யூட்டரைப் படிக்க வைத்தார்கள். அது என்ன கற்றுக்கொண்டது தெரியுமா? 'ஆஸ்துமாவும் இருந்தால் ஆபத்து குறைவு!' டாக்டர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. விஷயம் இதுதான்: ஆஸ்துமாக்காரருக்கு நிமோனியா என்றாலே நேராகத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய் விழுந்து விழுந்து கவனித்திருக்கிறார்கள். அதனால் பிழைத்தார்கள். எந்திரம் பிழைத்ததைப் பார்த்தது. பிழைக்க வைத்தவர்களைப் பார்க்கவில்லை. அதை நம்பி ஆஸ்துமாக்காரரை வீட்டுக்கு அனுப்பியிருந்தால்?

நம்மூருக்கும் இது பொருந்தும். நிற்க முடியாதவர்களையெல்லாம் பெட்டில் சேர்த்து, சோறூட்டி, ஆக்ஸிஜன் கொடுத்துக் காப்பாற்றுகிறோம் என்று வையுங்கள். நாளைக்கு அந்த விவரத்தையே எந்திரத்துக்குப் பாடமாகக் கொடுத்தால், 'நிற்க முடியாதவர்கள் நன்றாகத்தானே பிழைக்கிறார்கள்' என்று அது சொன்னாலும் சொல்லும்! அதைக் கேட்டுப் பெட்டைக் குறைத்தால் போச்சு. ஆகவே, கணக்கைப் புதுப்பிக்கும்போதெல்லாம் யாருக்கு என்ன வைத்தியம் நடந்தது என்பதையும் அதில் சேர்த்தே ஆகவேண்டும்.

இன்னொன்று. எண் குறைவாக வந்தவரை 'ஒண்ணுமில்லே, போய்ட்டு வாங்க' என்று மறந்துவிடவும் கூடாது. வீட்டில் ஒரு வாய் கஞ்சி வைத்துக்கொடுக்க ஆள் இருக்கிறதா என்பது அந்த ஐந்து விஷயங்களில் இல்லை. அதை நர்ஸம்மாதான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எமன் கணக்கை மாற்றமுடியாது என்பார்கள். எந்திரக் கணக்கை மாற்றலாம். மாற்றுவதற்காகத்தானே ஸார் அதைப் போடுவதே!