திறந்துவிட்ட எல்லை யாரைக் காக்கும்?

இஸ்தான்புல்லுக்கு ஒரு விமான டிக்கெட். அங்கிருந்து காசியான்டெப், ஷான்லிஉர்ஃபா போன்ற துருக்கியின் தெற்கு நகரங்களுக்குப் பேருந்து. பிறகு, கடத்தல்காரர் வழிகாட்ட, இரவோடு இரவாக எல்லை தாண்டினால் சிரியா. துனிசியா, பிரான்ஸ், மத்திய ஆசியா என்று பல திசைகளிலிருந்து கிளம்பிய இளைஞர்கள் சிரியப் போர்க்களம் போய்ச் சேர்ந்த வழி இது. 2015 தொடக்கத்திலேயே 90 நாடுகளைச் சேர்ந்த 20,000-க்கும் மேற்பட்டோர் போய்விட்டதாக அமெரிக்க உளவுத்துறை கணக்கிட்டது.

எல்லையின் மறுபக்கம் ஐ.எஸ். என்ற பயங்கரவாத அமைப்பு அவர்களுக்காகப் படிவத்தோடு காத்திருந்தது. 2016-ல் வெளியே கசிந்த அந்தப் படிவங்களில் 23 கேள்விகள். ரத்த வகை என்ன, பரிந்துரைத்தவர் யார், போராளியாகவா தற்கொலைப் படையாகவா? கடைசியில், இறந்த தேதிக்கும் இடத்துக்கும் ஒரு கட்டம். வந்த முதல் நாளே ஒருவனின் மரணத்துக்கு இடம் ஒதுக்கிவைத்த அமைப்பு அது.

சிரிய அதிபர் அசாத் வீழவேண்டும் என்று விரும்பிய துருக்கி, தொடக்கத்தில் சுமார் 900 கிலோமீட்டர் எல்லையை இறுக்கவில்லை. அதற்கான விலையை, ஐ.எஸ். தாக்குதல்களில், அதன் மக்கள் கொடுத்தார்கள். 2015 அக்டோபரில் அங்காரா ரயில் நிலையத்தின் முன் குண்டுவெடித்து 100-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2016 ஜூனில் இஸ்தான்புல் அத்தாதுர்க் விமான நிலையத்தில் 40-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். விமான நிலையத்தைத் தாக்கியவர்கள் வெளிநாட்டினர். அதன் பிறகுதான் எல்லை நெடுகக் கான்கிரீட் சுவர் முழுவேகத்தில் எழுந்தது.

சிரியா காட்டிய முன்னுதாரணம்

இதே தவற்றை அதற்கு முன் செய்தது சிரியாதான். 2003-ல் அமெரிக்கா ஈராக்கில் நுழைந்தபோது, அங்கே போரிடக் கிளம்பியவர்களை சிரிய அரசு தடுக்கவில்லை. 2007-ல் ஈராக்கின் சிஞ்சாரில் சிக்கிய ஆவணங்களில், சிரியா வழியே வந்த 600-க்கும் மேற்பட்ட வெளிநாட்டினரின் விவரங்கள் இருந்தன.

அந்தக் காலத்தில் ஈராக்குக்குப் போன சிரிய இளைஞர்களில் ஒருவர் அகமது அல்-ஷரா. 2011-ல் அவர் அதே எல்லையைத் தாண்டித் திரும்பிவந்து, நுஸ்ரா முன்னணி என்ற ஆயுதக் குழுவைத் தொடங்கினார். 2024 டிசம்பரில் அவர் தலைமையிலான படைகளே அசாத் ஆட்சியைக் கவிழ்த்தன.

பக்கத்து நாட்டில் நமக்குப் பிடிக்காதவர் ஆள்கிறார் என்பதற்காக எல்லையில் கண்ணை மூடிக்கொள்வது ராஜதந்திரம் ஆகாது. வெளிநாட்டுப் பயங்கரவாதப் போராளிகளின் பயணத்தைக் குற்றமாக்கச் சொல்லும் ஐ.நா. பாதுகாப்பு சபையின் 2178-ம் தீர்மானம் 2014-லேயே வந்துவிட்டது. அதை எதிரிக்கு எதிரானவர்கள் விஷயத்திலும் நடைமுறைப்படுத்தும் அரசுதான் தன் மக்களைக் காக்கும்.