பேத்திக்கு ஒரு பதில், பாட்டிக்கு ஒரு பதில்

டீ ஆறிவிடும், குடித்துக்கொண்டே கேளுங்கள். நான்கு வயது மகளும் மறதி நோய் வந்த மாமியாரும் ஒரே வீட்டில், இருவருக்கும் நீங்கள் ஒருத்திதான் என்றால், யாராவது இந்நேரம் சொல்லியிருப்பார்கள்: "வயசானவங்களும் குழந்தை மாதிரிதானே, ரெண்டு குழந்தைன்னு நினைச்சுக்கோ." ஆறுதலாகத்தான் சொல்கிறார்கள். அதில் பாதிதான் சரி. சரியில்லாத பாதிதான் உங்களைப் பாடாய்ப் படுத்துகிறது.

சரியான பாதியை முதலில் பார்ப்போம். பாரி ரைஸ்பெர்க் என்ற நியூயார்க் மனநல மருத்துவர் அல்சைமர் என்ற மறதி நோய் கண்டவர்களைப் பல்லாண்டு கவனித்து ஒரு வரிசையைக் காட்டினார். குழந்தை எந்த வரிசையில் திறன்களைப் பெறுகிறதோ, ஏறக்குறைய அதற்குத் தலைகீழாக இந்த நோய் அவற்றைப் பறிக்கிறது. வரவுசெலவு முதலில் போகும். பிறகு வேளைக்கு ஏற்ற புடவை எடுப்பது, தானே உடுத்துவது, குளிப்பது, சிறுநீரை அடக்குவது. கடைசியில் பேச்சும் நடையும். மகள் பட்டன் போடப் பழகுகிற அதே வருஷத்தில் மாமியாருக்கு ஜாக்கெட் கொக்கி பிடிபடாமல் போகலாம்.

இனி அந்த இன்னொரு பாதி. குழந்தை கற்றுக்கொள்ளும். மாமியாரால் முடியாது. நம் மூளைக்குள் ஹிப்போகேம்பஸ் என்றொரு பகுதி இருக்கிறது. அன்றன்றைய சம்பவங்களைப் பேரேட்டில் ஏற்றும் கணக்குப்பிள்ளை அது. அல்சைமர் தாக்கும் முதல் இடங்களில் அதுவும் ஒன்று. கணக்குப்பிள்ளை வேலையை விட்டுப் போனாலும் பழைய பேரேடுகள் அலமாரியில் இருக்கின்றன. அதனால்தான் கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று சொல்கிறவருக்கு, அரை மணி நேரத்துக்கு முன் இட்லி சாப்பிட்டது தெரிவதில்லை. "இப்பத்தானே சாப்பிட்டீங்க அத்தை" என்பது உங்களுக்குத் திருத்தம். அவருக்கோ, பசிக்கிறது என்று கேட்டதற்குக் கிடைத்த அதட்டல்.

"நான் கத்தினது அவங்களுக்கு எங்கே ஞாபகம் இருக்கப்போகுது" என்று சமாதானம் சொல்லிக்கொள்ளத் தோன்றும். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான காட்சிகளையும் சிரிக்கவைக்கும் காட்சிகளையும் போட்டுக் காட்டினார்கள். ஆய்வு 2014இல் வெளிவந்தது. சில நிமிடங்களில் காட்சி மறந்துவிட்டது. அது எழுப்பிய உணர்ச்சி மறையவில்லை. காட்சியை எவ்வளவு குறைவாக நினைவில் வைத்திருந்தார்களோ, சோகம் அவ்வளவு அதிக நேரம் தங்கியது. காரணம் தெரியாத துக்கத்தை எதைச் சொல்லி ஆற்றுவது? அதட்டல் இப்படித் தங்குகிறது என்றால், கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பத்து நிமிடமும் தங்குகிறது. அதை நான் பெரிய செய்தியாக நினைக்கிறேன்.

இருவரின் தேவைகளும் ஒன்றோடொன்று மோதுகிற நேரம் சாயங்காலம். பள்ளியிலிருந்து வந்த பிள்ளை களைத்துச் சிணுங்குகிறது. பாட்டி வாசலில் பையோடு நின்று, "எங்க வீட்டுக்குப் போகணும், அம்மா தேடுவாங்க" என்கிறார். மூளைக்குள் பகல் இரவைக் கணிக்கும் ஏற்பாடும் இந்த நோயில் பழுதாகிறது. அதோடு அசதியும், மங்கிய வெளிச்சமும், சுவரில் விழும் நிழல்களும் சேர்ந்துகொள்கின்றன. பொழுது சாயும் முன்பே எல்லா விளக்கையும் போட்டுவிடுங்கள். டிவியை நிறுத்துங்கள்; சீரியலில் போடும் சண்டை நம் கூடத்தில் நடப்பதாகவே அவருக்குத் தோன்றலாம். "உங்க அம்மா செத்து முப்பது வருஷமாச்சு" என்று சொன்னால் அது அவருக்கு இன்று வந்த சாவுச் செய்தி. "உங்க வீட்ல கிணறு எந்தப் பக்கம் அத்தை?" என்று கேளுங்கள். பேச்சு கிணற்றடிக்குப் போய்விட்டால் பெரும்பாலும் கால்களும் உள்ளே வந்துவிடும்.

இதையெல்லாம் மகள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பாட்டி அவளை வேறு பெயரில் கூப்பிடுகிறார். சுருக்குப்பையை அவள்தான் எடுத்தாள் என்கிறார். இந்த வயதுப் பிள்ளைகள் வீட்டில் எது கெட்டாலும் தன்னால்தானோ என்று நினைத்துவிடும். ஆகவே அவளிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும், சின்னச் சின்ன வாக்கியமாக: "பாட்டியோட மூளைக்கு உடம்பு சரியில்லை. புதுசா நடக்கிறது அதுல நிக்காது. நீ ஒண்ணும் பண்ணலை. சளி மாதிரி உனக்கு ஒட்டாது." பலமுறை சொல்ல வேண்டியிருக்கும், அவள் விஷயத்தில் அது பதியும்.

இருவரையும் ஒன்றாக உட்காரவைக்க ஒரு வழி இருக்கிறது. கை பழகிய வேலைகளின் நினைவை மூளை வேறு இடத்தில் வைத்திருப்பதால் அது நீண்ட நாள் தாக்குப்பிடிக்கும். காமரன் கேம்ப் என்ற அமெரிக்க உளவியலாளர் மாண்டிசோரி முறையை மறதி நோயாளிகளுக்கு ஏற்ப மாற்றி, அவர்களைக் கொண்டே சிறுபிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். நம் வீட்டில் அதற்குத் தனிச் சாமான் தேவையில்லை. முறத்தில் முருங்கைக்கீரை போதும். பாட்டி உருவட்டும், மகள் பழுத்த இலையைப் பொறுக்கட்டும். துண்டு மடிக்கலாம், பூ கட்டலாம். பக்கத்தில் நீங்கள் இருக்க வேண்டும். "ஒரு நிமிஷம் பிள்ளையைப் பார்த்துக்கோங்க" என்று பாட்டியிடமோ, "பாட்டியைப் பார்த்துக்கோ" என்று பிள்ளையிடமோ விட்டுப் போகவே கூடாது. மாத்திரைகள் பூட்டில் இருக்கட்டும், குளியலறை உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள். இந்த இரண்டும் இருவருக்கும் காவல்.

இன்னொன்று, இது என்னை மிகவும் வருத்துவது: மாமியாருக்கு டயப்பர் மாற்றும்போது கதவைச் சாத்துங்கள். குழந்தைக்கு இன்னும் வெட்கம் வரவில்லை. அவருக்கு எழுபது வருஷ மானம் இருக்கிறது, எல்லாம் மறந்த பிறகும்.

இந்த நோய் மெதுவாக நகர்வது. நேற்றுவரை சரியாக இருந்தவர் ஓரிரு நாளில் அடியோடு மாறி, ஆள் தெரியாமல் உளறினால் "நோய் முத்திடுச்சு" என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, நீர் வறட்சி, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை இவற்றில் ஒன்றாக இருக்கலாம், பெரும்பாலும் சரிசெய்யக்கூடியவை. அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். பி12 குறைவும் தைராய்டு கோளாறும்கூட மறதியைத் தரும் என்பதால், அந்தச் சோதனைகள் முதலிலேயே செய்யப்பட்டனவா என்றும் கேளுங்கள்.

கடைசியாக வெளியூர் நாத்தனார், கொழுந்தனார் விஷயம். வீடியோ காலில் பத்து நிமிடம் அம்மா கச்சிதமாகப் பேசுகிறார். "நல்லாத்தானே இருக்காங்க, நீதான் பெரிசாக்குறே" என்று முடித்துவிடுகிறார்கள். நலம் விசாரிக்கும் பேச்சு வாழ்நாள் பழக்கம், சுலபத்தில் போகாது. அவர்களோடு வாதாடாதீர்கள். "அடுத்த லீவுக்கு வந்து ஒரு வாரம் ராத்திரியும் பகலும் அத்தையோட இருங்க, நான் பிள்ளையைக் கூட்டிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டு வர்றேன்" என்று தேதி குறித்துக் கேளுங்கள். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு ஏதோ ஒரு வகை மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலோரை வீட்டில்தான் பார்த்துக்கொள்கிறார்கள். அந்த ஒரு வாரத்தைக் கேட்க நீங்கள் கூச வேண்டியதில்லை. யாரும் வரவில்லை என்றால் முதியோர் உதவி எண் 14567ஐக் கூப்பிட்டு உங்கள் ஊர்ப் பக்கம் என்ன வசதி என்று விசாரியுங்கள். உங்கள் மனசே தாங்காத நாளில் டெலி மனஸ் மனநல உதவி எண் 14416. அது உங்களுக்கும் உரியதுதான்.