இராணுவ லாரியை ஏலம் எடுப்போர் கவனிக்க வேண்டியவை

இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பின் அமெரிக்கப் படையினர் விட்டுச்சென்ற டிராக்டர்களைக் கொண்டே, 1947-இல் மத்திய டிராக்டர் ஸ்தாபனம் நாணல் மண்டிய தரிசுகளை உழத் தொடங்கிற்று. ஆயினும் பழையவை போதவில்லை. 1949-இல் உலக வங்கியிடம் ஒரு கோடி டாலர் கடன் பெற்றுப் புதியவை வாங்க நேர்ந்தது.

இராணுவம் கழித்த லாரியையோ டிரெயிலரையோ வாங்க எண்ணும் ஆர்.கே.பேட்டை வட்டார விவசாயிகள் இதனை நினைவிற் கொள்ளுதல் நலம். ஏலத்தொகை குறைவாயினும் பராமரிப்புச் செலவு பெரிது. ஜபல்பூரில் 1959 முதல் தயாரான சக்திமான் லாரி இப்போது உற்பத்தியில் இல்லை. உதிரி பாகம் கிடைக்குமிடத்தை முதலில் விசாரித்தறிக. நெடுநாள் நின்ற வண்டியின் டயர் தேயாதிருப்பினும் பக்கவாட்டில் வெடிப்புக் கண்டிருக்கக்கூடும். பிரேக் குழாயும் இற்றிருக்கலாம். டிரெயிலரின் கொக்கி தம் டிராக்டருக்குப் பொருந்துமா என அளந்து பார்த்தல் வேண்டும். ஏலச் சான்றும் போக்குவரத்து அலுவலகப் பதிவுமின்றிக் கரும்பு ஏற்றிச் சாலைக்குக் கொண்டுவரலாகாது. இச்செலவுகள் யாவற்றையும் கூட்டிப் பார்த்த பின்னரே ஏலம் கேட்பது உத்தமம்.