விடை வினாத்தாளிலேயே இருக்கிறது

அடிவாரத்துப் படிப்பு – 11

சனி, ஞாயிறுகளில் புளியஞ்சோலையில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. திருச்சி, துறையூர்ப் பக்கமிருந்து வேன் வேனாக ஆட்கள் வந்து இறங்குவார்கள். ஸ்பீக்கரில் பாட்டு, கல்லைக் கூட்டி அடுப்பு, ஐயாற்றில் குளியல், கூச்சல். மேலே கொல்லிமலையில் ஆகாயகங்கையாக விழுகிற தண்ணீர்தான் காடு இறங்கி இங்கே வந்து முழங்கால் ஆழத்தில் ஓடுகிறது. மலை நாமக்கல் மாவட்டம். அடிவாரம் திருச்சி மாவட்டம், துறையூர் வட்டம். இந்த ஆர்ப்பாட்டத்துக்கு முதுகைக் காட்டியபடி ஒரு வீட்டுத் திண்ணையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பி.எட். முடித்துவிட்டு டெட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண். காசு வாங்காத டியூஷன். எல்லோருக்கும் அவர் ‘அக்கா’தான்.

“எதுக்குடி ரொம்பப் பயம்?” என்றார் அக்கா.

“கிராமர்தாங்க்கா.”

“கிராமருக்கு மொத்தம் எத்தனை மார்க்குன்னு கூட்டிப் பாத்திருக்கியா?”

கூட்டிப் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் உட்கார்ந்து கூட்டினோம்.

முன்பெல்லாம் பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்துக்கு முதல் தாள், இரண்டாம் தாள் என்று இரண்டு நாள் தேர்வு. 2019-20 கல்வியாண்டிலிருந்து ஒரே தாள்: 47 கேள்விகள், 100 மதிப்பெண், எழுத 3 மணி நேரம். ஒரு மார்க் கேள்விகள் 14. அவற்றில் டென்ஸ், ப்ரிபோசிஷன், லிங்கர் ஆகிய மூன்றுதான் நேரடியாக இலக்கணம். மற்றவை பொருள், எதிர்ச்சொல், பன்மை, சுருக்கம் என்று சொல்லறிவைச் சோதிப்பவை. இரண்டு மார்க் பகுதியில் வாய்ஸ், ரிப்போர்ட்டட் ஸ்பீச், நிறுத்தக்குறி, சிம்பிள்-காம்பவுண்ட்-காம்ப்ளெக்ஸ், சொற்களை வரிசைப்படுத்துதல் என ஐந்து கொடுத்து மூன்றை எழுதச் சொல்கிறார்கள். அது 6. ஐந்து மார்க்கில் பிழை திருத்தம் ஒன்று. ஆக 3, 6, 5. மொத்தம் 14 மதிப்பெண். இந்தப் பதினாலுக்குத்தான் வருஷம் முழுக்கப் பிள்ளைகளின் வயிற்றில் புளி கரைகிறது.

அதே தாளில் எதிர்ப்பக்கம் ஒரு கணக்கு இருக்கிறது. 47-ஆம் கேள்வி, முன்பின் பார்த்திராத ஒரு பத்தியைக் கொடுத்து அதிலிருந்தே கேட்பது: 8 மதிப்பெண். துணைப்பாடத்திலிருந்து ஒரு பகுதியை அச்சிட்டு அதன் கீழேயே கேள்வி: 5. பத்தியைப் படித்துக் குறிப்பெடுப்பது அல்லது சுருக்கி எழுதுவது: 5. படத்தைப் பார்த்து எழுதுவது: 5. ரோடு மேப்: 2. கூட்டினால் 25. இந்த 25-க்கும் விடை கைடில் இல்லை, நோட்டில் இல்லை, வினாத்தாளிலேயே அச்சாகி வருகிறது. படிக்கத் தெரிந்தால் போதும். பாஸ் மார்க் 35. மெமரி போயம் என்கிற மனப்பாடப் பாட்டுக்கு ஒரு 5 சேர்ந்தால் 30 வந்துவிட்டது.

ஆனால் நடப்பது வேறு. பள்ளிக்கூடங்களில் ‘மினிமம் மெட்டீரியல்’ என்று ஒரு ஜெராக்ஸ் கட்டு சுற்றுகிறது. ஒரு பாட்டு, ஒரு கடிதம், இரண்டு விளம்பரம், ஒரு நோட்டீஸ், எந்தப் படம் வந்தாலும் எழுதத்தக்க ஐந்து வரி. படம் அழகாக இருக்கிறது, வண்ணமயமாக இருக்கிறது, எனக்குப் பிடித்திருக்கிறது என்று போகும் அந்த ஐந்து வரி. லாரி கவிழ்ந்து கிடக்கிற படம் வந்தாலும் அது அழகாகவும் வண்ணமயமாகவும்தான் இருக்கும்! இதைச் சொல்லிச் சிரிக்கலாம். ஆனால் அந்த ஜெராக்ஸைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. மலைமேல் மரவள்ளிக் காட்டுக்கும் அடிவாரத்து வயலுக்கும் கூலிக்குப் போகிற வீடுகளில் பத்தாவது பாஸ் என்பது ஐடிஐ, பாலிடெக்னிக், ப்ளஸ் ஒன் என்று அடுத்த இடத்துக்குப் போகும் டிக்கெட். மார்ச் மாதத்தில் அதைக் கையில் கொடுத்துத் தேற்றுகிற ஆசிரியர் நல்லதுதான் செய்கிறார். ஜூன் மாதமே அதை மட்டும் கையில் கொடுப்பதில்தான் எனக்குச் சண்டை. அப்படிச் செய்யும்போது 25 மதிப்பெண் தூக்கிக் கொடுக்கிற பகுதியை ‘அன்சீன், உனக்கு வராது’ என்று நாமே பூட்டிவிடுகிறோம்.

திண்ணையில் இருந்த ஒரு பெண்ணின் புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். மனப்பாடப் பாட்டின் ஒவ்வொரு சொல்லுக்கு மேலும் பென்சிலில் தமிழ் எழுத்து. கிராமத்துப் பள்ளியில் படித்த யாருக்கும் இது புதிதில்லை. அதன் சங்கடம் ஒன்றுதான்: மட்டை, வௌவால், கெட்டது, தட்டுவது என்ற நான்குக்குமான ஆங்கிலச் சொற்களும் தமிழில் எழுதினால் ‘பேட்’. கண் தமிழைப் படிக்கும், வாய் ஆங்கிலம் மாதிரி ஒன்றைச் சொல்லும், பொருள் எங்கேயோ நிற்கும்.

அக்கா அந்தப் பென்சிலைப் பிடுங்கவில்லை. வேறு வேலைக்கு அதைத் திருப்பிவிட்டார். படிக்காத பத்தி ஒன்றை எடுத்து, வாசிக்கும்போது மூச்சு விடத் தோன்றுகிற இடத்திலெல்லாம் ஒரு சாய்கோடு போடச் சொன்னார். முதல் சுற்றில் அந்தப் பெண் ஒவ்வொரு சொல்லுக்குப் பிறகும் கோடு போட்டாள். அப்படித்தான் அவள் வாசிக்கவும் செய்தாள், ஆற்றுக்குள் கல் கல்லாகக் காலை வைத்துப் போகிறவளைப் போல. “யாரு? என்ன செஞ்சாங்க? அது ரெண்டையும் மொதல்ல கண்டுபிடி. அங்க ஒரு கோடு. அப்புறம் எங்க, எப்ப, ஏன். அதுக்கு ஒவ்வொரு கோடு.” மூன்றாவது சுற்றில் ஒரு நீண்ட வாக்கியத்துக்கு நாலு கோடுதான் இருந்தது. அர்த்தம் தெரியாத சொற்கள் அப்போதும் மூன்று இருந்தன. “அதை விட்டுட்டுப் போ. கேள்வியில அது வந்தா பாத்துக்கலாம்” என்றார். வந்த நாலு கேள்வியில் ஒன்றில்கூட அந்தச் சொற்கள் வரவில்லை.

இதில் உள்ள சூட்சுமம் தமிழ்ப் பிள்ளைகளுக்கென்றே ஆனது. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். கடைசி வரை காத்திருந்து பொருளைப் பிடித்துப் பழகிய மனசு ஆங்கிலத்திலும் கடைசிச் சொல்லுக்காகக் காத்திருக்கிறது. அங்கேயோ வினை எழுவாயை ஒட்டியே வந்து போய்விடும். பின்னால் வருவதெல்லாம் வால். வாலைப் பிடித்துக்கொண்டு தலையைத் தேடுவதால்தான் பத்தி முழுக்கப் படித்தும் ஒன்றும் விளங்காமல் போகிறது, பிறகு பத்தியை அப்படியே விடைத்தாளில் நகல் எடுத்துவிட்டு வருகிறார்கள்.

வாசிப்பு முன்னால் வரட்டும் என்று சொன்னவர்களில் ஒருவர் நூறாண்டுக்கு முன்பு டாக்காவில் இருந்தார். மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர், ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி முதல்வர். வங்காளத்துப் பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்து 1926-இல் அவர் வெளியிட்ட அறிக்கையின் சாரம்: பாதியில் படிப்பை நிறுத்திவிடப் போகிற பிள்ளைக்கு ஆங்கிலத்தில் கைகொடுக்கக் கூடியது வாசிப்புதான், அதை முதலில் கொடுங்கள். சொற்களை எண்ணிக் கட்டுப்படுத்தி அவர் எழுதிய வாசிப்புப் புத்தகங்கள் காலனி நாடுகள் பலவற்றுக்கும் போயின. 1953-இல் வந்த அவருடைய சொற்பட்டியலில் இருந்தவை சுமார் 2,000 சொற்கள். அடிக்கடி வரும் அந்தச் சொற்கள் கைவசமானால் சாதாரணப் பத்தி ஒன்றின் பெரும்பகுதி பிடிபட்டுவிடும்.

நம் ஊரிலும் முயற்சிகள் நடந்தன. 1950-களின் இறுதியில் சென்னை மாநிலத்தில் ஆங்கிலம் தொடங்கிவைக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி கொடுக்கக் கிளம்பினார்கள். கொஞ்சம் பேருக்குப் பயிற்சி, அவர்கள் இன்னும் கொஞ்சம் பேருக்கு, அவர்கள் அடுத்தவர்களுக்கு. உருளும் பனிப்பந்து என்று அதற்குப் பேர். வாக்கிய அமைப்புகளை ஒவ்வொன்றாக வாயில் பழக்குவது வழிமுறை. பந்து அடுத்தடுத்த கைக்கு மாறும்போது முதல் கை சொன்னதில் எவ்வளவு மிஞ்சும் என்பது, பயிற்சி முகாமுக்குப் போய்வந்த எந்த ஆசிரியரைக் கேட்டாலும் தெரியும்.

அக்காவின் வீட்டு அலமாரியில் சிவப்பு அட்டை போட்ட ரென் அண்டு மார்ட்டின் இருந்தது. 1930-களில் வெளிவந்த அந்த இலக்கணப் புத்தகம் இந்தியாவிலிருந்த வெள்ளை அதிகாரிகளின் பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. வீட்டில் ஆங்கிலம் பேசி வளர்ந்த பிள்ளைக்கு, தான் ஏற்கெனவே பேசுவதை ஒழுங்குபடுத்திக்கொள்ள விதி உதவும். பேசியே பழகாத பிள்ளைக்கு விதியை மட்டும் கொடுத்தால் அது சூத்திரமாகத்தான் நிற்கும். எழுவாயை அங்கே போடு, செயப்படுபொருளை இங்கே போடு, நடுவில் வினையின் மூன்றாம் வடிவம். பாஸிவ் வாய்ஸை அல்ஜீப்ரா மாதிரிப் போட்டு இரண்டு மார்க் வாங்கும் பிள்ளை, அதே பாஸிவ் வாய்ஸ் ஒரு பத்தியில் வந்தால் அடித்தவர் யார், அடிவாங்கியவர் யார் என்று தெரியாமல் திணறுவதைத் திண்ணையிலேயே பார்த்தேன். (ரென் பிழைப்புக்கு இந்தியக் கல்விப் பணியில் இருந்தவர், உலகம் அவரை அறிந்தது 1924-இல் எழுதிய ‘போ ஜெஸ்ட்’ என்ற சாகச நாவலால். நாவலைப் படித்த கையோடு இலக்கணத்தையும் படித்தவர்கள் எத்தனை பேரோ!)

இந்தக் கோணலைச் சரிசெய்ய எனக்குத் தெரிந்து நம் பக்கத்தில் நடந்த துணிச்சலான சோதனை என்.எஸ்.பிரபுவினுடையது. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றியவர். 1979-லிருந்து 1984 வரை பெங்களூர், சென்னைப் பள்ளிகள் சிலவற்றில் இலக்கணத்தைப் பாடமாக நடத்தாமலே ஆங்கிலம் கற்பித்துப் பார்த்தார்கள். ரயில் கால அட்டவணையைக் கொடுத்து எந்த வண்டியைப் பிடிக்கலாம் என்று கேட்பது, வரைபடத்தைக் கொடுத்து வழி கண்டுபிடிக்கச் சொல்வது. மனம் பொருளில் மூழ்கியிருக்கும்போது இலக்கணம் தானாக உள்ளே இறங்கும் என்பது பிரபுவின் கட்சி. அது முழுக்கச் சரியா என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். பத்தாம் வகுப்பு வினாத்தாளில் 28-ஆம் கேள்வியாக, தப்பிக்க வழியில்லாத கட்டாயக் கேள்வியாக உட்கார்ந்திருக்கும் ரோடு மேப்பைப் பார்த்தால் எனக்கு அவர் ஞாபகம்தான் வருகிறது.

திண்ணையில் ரோடு மேப்பை அக்கா வித்தியாசமாக நடத்தினார். கைடில் இருக்கும் படத்தில் நேர்நேராகத் தெருக்கள், பேங்க், ஆஸ்பத்திரி, பூங்கா. அதை மூடிவைத்துவிட்டு, “வேன்ல வந்தவங்க ஒருத்தரு நம்ம வீட்டுக்கு வழி கேக்குறாரு, சொல்லு” என்றார் ஒரு பையனிடம்.

“பஸ்ஸு நிக்கிற எடத்துலேர்ந்து அப்படியே மேக்கால போங்க. டீக்கடைக்குத் தெக்கால ஒரு சந்து போவும். அதுல மூணாவது வீடு.”

“இப்ப இங்கிலீஷ்ல சொல்லு.”

பையன் வாயைத் திறக்கவில்லை. மலை மேற்கே, துறையூர் கிழக்கே என்று திசையை வைத்தே பேசி வளர்ந்தவன் அவன். இலையில் சோற்றைக்கூடக் கொஞ்சம் வடக்கே தள்ளு என்று சொல்கிற ஊர்கள் நமக்கு உண்டு. பரீட்சைக்கோ இடது, வலது வேண்டும். அதற்கு முதலில் அந்த வெளியூர்க்காரர் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார் என்று தெரிய வேண்டும். அக்கா அவனை எழுப்பி வாசலில் மலையைப் பார்த்து நிறுத்தினார். “இப்ப தெக்கு எந்தக் கைப் பக்கம்?” இடது கை. அவ்வளவுதான், நேராகப் போ, இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் இருக்கும் என்று மூன்று வாக்கியமும் ஆங்கிலத்தில் வந்துவிட்டன. கட்டளை வாக்கியம் என்ற இலக்கணப் பெயர் கடைசி வரை அங்கே யாரும் உச்சரிக்கவில்லை. நடுவே ஒரு ப்ரிபோசிஷன் தப்பாகத்தான் விழுந்தது. அவன் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்து பிறகு திருத்தினார்.

பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் அல்போன்ஸ் தோதேயின் ‘கடைசிப் பாடம்’ இருக்கிறது. 1870-71 போரில் பிரான்ஸ் தோற்று அல்சாஸ் ஜெர்மனி வசமான சமயத்துக் கதை. பார்ட்டிசிப்பிள் பாடம் படிக்காததால் பள்ளிக்குப் போகவே பயப்படும் சிறுவன் அதில் வருகிறான். இலக்கணத்துக்குப் பயந்த பையனின் கதையை, இலக்கணத்துக்குப் பயந்த பிள்ளைகள், கைடில் உள்ள பத்தியாக மனப்பாடம் செய்கிறார்கள். இவர்களுக்கு அந்தக் கதையைத் தமிழில் ஒருமுறை சொன்னார் அக்கா. சொல்லி முடித்ததும், “அந்த வாத்தியாரு அப்புறம் எங்கக்கா போனாரு?” என்றாள் பென்சில்காரப் பெண். புத்தகத்தைத் திறந்து தேடவும் செய்தாள். அவள் தானாக ஒரு ஆங்கிலப் பக்கத்தைத் திறந்தது அன்று அப்போதுதான்.

துறையூரில் ஓர் ஆங்கில ஆசிரியரிடம் இந்த 25 மார்க் கணக்கைச் சொன்னேன். “கணக்கு சரிதாங்க. ஆனா ஒரு செக்‌ஷன்ல பாதிப் பேருக்கு எழுத்துக் கூட்டவே வரலையே, நான் பத்தி வாசிக்கவா, சிலபஸை முடிக்கவா?” என்றார். நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் முழு விடை கிடையாது. பத்தாம் வகுப்பில் சரிசெய்கிற காரியமும் அல்ல அது. ஆறாம் வகுப்பிலேயே தினம் பத்து நிமிடம் சத்தமாக வாசிக்கவைத்திருக்க வேண்டும். இருந்தாலும் ஜூனில் ஆரம்பித்தால் மார்ச்சுக்குள் சாய்கோடு குறையும் என்பதைத் திண்ணையில் பார்த்துவிட்டேன்.

தேர்வு நாளன்று எழுத ஆரம்பிக்கும் முன் வினாத்தாளை வாசிக்கப் பத்து நிமிடம் தருகிறார்கள். பெரும்பாலான பிள்ளைகள் அதில் ஒன் வேர்டுகளைத் தேடி, தெரிந்தது எத்தனை என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள். அக்காவின் உத்தரவு வேறு: தாளைக் கடைசிப் பக்கத்துக்குத் திருப்பு, 47-ஆம் கேள்வியைப் படி, முதலில் கேள்விகள், பிறகு பத்தி, மறுபடி கேள்விகள்.

“அந்தப் பத்து நிமிஷத்துல பென்சில் எடுக்கலாமாக்கா?”

“எடுக்கக் கூடாது. கண்ணாலயே கோடு போட்டுக்கிட்டுப் போ.”

(தொடரும்)