சீஃப் என்ற காளையும் பிறக்காத கன்றுகளும்

1962ஆம் ஆண்டு அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு ஹோல்ஸ்டீன் காளைக்கன்று பிறந்தது. நம் ஊரில் எச்.எஃப். என்று சொல்லும் கறுப்பு வெள்ளை மாட்டினம். பதிவேட்டில் அதற்குப் பெயர் பானி ஃபார்ம் ஆர்லிண்டா சீஃப். பண்ணையாளர்கள் வாயில் வெறும் சீஃப். அதன் கிடேரிகள் வளர்ந்து கறவைக்கு வந்தபோது, கறந்த பாலின் அளவைப் பார்த்து எல்லோரும் அதன் விந்துக்குப் போட்டி போட்டார்கள். சீஃபுக்கு மகள்கள் சுமார் 16,000. பேத்திகள் 5 லட்சம். கொள்ளுப்பேத்திகள் 20 லட்சத்துக்கும் மேல். ஹோல்ஸ்டீன் இனத்தின் மரபணுத்தொகையில் ஏறத்தாழ 14 சதவீதம் இந்த ஒரு காளையிடமிருந்து வந்ததாகப் பின்னாளில் கணக்கிட்டார்கள்.

மந்தையோடு மேயும் ஒரு காளை இத்தனை கன்றுகளுக்குத் தகப்பனாக முடியாது. அதற்கு வழிவிட்டது உறைவிந்து. கிளிசரால் கலந்தால் விந்தணுக்கள் உறைந்து உருகிய பிறகும் உயிரோடிருக்கும் என்று 1949இல் இங்கிலாந்தில் கிறிஸ் போல்ஜும் அவருடைய சகாக்களும் கண்டறிந்தார்கள். அதன் பிறகு காளையின் இடமும் ஆயுளும் தடையாக இல்லாமல் போயின. திரவ நைட்ரஜனில் கிடக்கும் மெல்லிய குச்சிக்குள் கண்டம் விட்டுக் கண்டம் போகலாம். காளை செத்துப் பல ஆண்டுகள் கழித்தும் கன்று பிறக்கலாம். நம் கிராமங்களில் சினை ஊசி என்று சொல்வதன் பின்னால் இருப்பதும் இதே வித்தைதான்.

சீஃபிடம் யார் கண்ணிலும் படாத ஒன்றும் இருந்தது. அதன் 5ஆம் குரோமோசோமில் ஏபிஏஎஃப்1 என்ற மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றில், ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. அந்த மாற்றத்தால் மரபணு உருவாக்க வேண்டிய புரதம் பாதியிலேயே நின்றுவிடும். கரு வளரும்போது வேண்டாத செல்களைக் களைந்து உறுப்புகளுக்கு, முக்கியமாக நரம்பு மண்டலத்துக்கு, உருக்கொடுக்கும் வேலையில் இந்தப் புரதத்துக்குப் பங்கு உண்டு. ஒரு பிரதி நன்றாக இருந்தால் போதும், மாட்டுக்கு எந்தக் குறையும் தெரியாது. சீஃப் திடகாத்திரமாக வாழ்ந்தது. அதன் பிள்ளைகளில் பாதிப் பேர் பழுதான பிரதியைச் சுமந்துகொண்டு, அவர்களும் திடகாத்திரமாகவே இருந்தார்கள்.

சிக்கல் பேரன் பேத்திகள் காலத்தில் தொடங்கியது. சீஃப் வம்சத்துப் பசுவுக்குச் சீஃப் வம்சத்துக் காளையின் விந்தே போய்ச் சேர ஆரம்பித்தது. இருவருமே பழுதைச் சுமப்பவர்கள் என்றால், நான்கு கருக்களில் ஒன்று இரண்டு பழுதான பிரதிகளையும் பெறும். அந்தக் கரு பிழைக்காது. சினை என்று நம்பிய மாடு கன்று வீசும், அல்லது சத்தமில்லாமல் மறுபடி பருவத்துக்கு வரும். பண்ணைக்காரர் தீவனத்தைச் சந்தேகிப்பார், வெயிலைச் சந்தேகிப்பார், ஊசி போட்டவரைச் சந்தேகிப்பார். தொழுவத்தில் நிற்கும் எந்த மாட்டிலும் நோயின் தடயம் இருக்காது. தடயம் பிறக்காத கன்றிடம்தான் இருந்தது.

அதைக் கண்டுபிடித்த விதம், கால்நடை மரபியலில் நான் படித்த துப்பறிதல்களிலேயே மிக அழகானது. 2011இல் அமெரிக்க வேளாண் துறையின் விஞ்ஞானி பால் வான்ராடனும் சகாக்களும், பல்லாயிரம் மாடுகளின் டி.என்.ஏ. பதிவுகளைக் கணினியில் அலசினார்கள். நோயுற்ற மாடுகளை அவர்கள் தேடவில்லை. குரோமோசோமின் ஒவ்வொரு துண்டையும் எடுத்து ஒரு கேள்வி கேட்டார்கள்: இந்தத் துண்டு இனத்தில் இவ்வளவு பரவலாக இருக்கிறதே, அப்படியானால் தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் இதே துண்டைப் பெற்ற மாடுகள் எத்தனை இருக்க வேண்டும்? உண்மையில் எத்தனை இருக்கின்றன? பெரும்பாலான துண்டுகளுக்குக் கணக்கு ஒத்துப்போனது. சில துண்டுகளுக்கு மட்டும், இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மாடுகூட இல்லை. உயிரோடிருக்கும் மாடுகளின் பட்டியலை வைத்துக்கொண்டு, பிறக்காமல் போனவை எவை என்று வாசித்துவிட்டார்கள். ஹோல்ஸ்டீனில் அப்படி மூன்று துண்டுகள், ஜெர்சியில் ஒன்று, பிரவுன் ஸ்விஸ் இனத்தில் ஒன்று.

ஹோல்ஸ்டீனின் முதல் துண்டைப் பின்தொடர்ந்தால் வம்சாவளி சீஃபிடம் போய் நின்றது. ஹாரிஸ் லூயின் உள்ளிட்ட ஆய்வாளர்கள் சீஃபின் டி.என்.ஏ.வை வாசித்து, அந்த ஓர் எழுத்துப் பிழையைப் பிடித்தார்கள். சுமார் 35 ஆண்டுகளில் உலகெங்கும் இதனால் கலைந்த சினைகள் 5 லட்சத்துக்கு மேல், இழப்பு 42 கோடி டாலர் என்று 2016இல் மதிப்பிட்டார்கள். சீஃபின் மரபணுக்களால் கூடுதலாகக் கிடைத்த பாலின் மதிப்போ 3,000 கோடி டாலர்.

இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சீஃப் பெரும் லாபம்தான். ஆனாலும் இந்தக் கணக்கு எனக்கு நிறைவு தரவில்லை. லாபம் லட்சக்கணக்கான மாடுகளில் சிறிது சிறிதாகப் பரவியது. இழப்பு, கன்று வீசிய அந்தக் குறிப்பிட்ட மாட்டின் சொந்தக்காரர் தலையில் முழுதாக விழுந்தது. அதே சமயம் சீஃபை ஒதுக்கித் தள்ளுவதும் சரியான முடிவாக இருந்திருக்காது. பழுதான பிரதி ஒன்றிரண்டைச் சுமக்காத காளை உலகில் இல்லை. சுமப்பவை எவை என்று தெரிந்துவிட்டால், அப்படிப்பட்ட இரண்டைச் சேர்க்காமல் இருந்தால் போதும். நல்ல குணங்களை இழக்க வேண்டியதில்லை. ஜெர்சியில் கண்ட துண்டின் மூலம் அப்சர்வர் சாக்லேட் சோல்ஜர் என்ற காளை. அதுவும் 1962இல் பிறந்ததுதான். அமெரிக்க ஜெர்சிகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று அந்தத் துண்டைச் சுமந்துகொண்டிருந்தது. தமிழ்நாட்டுக் கலப்பின மாடுகளில் பெருவாரியானவை ஜெர்சிக் கலப்பு என்பதால், இது நமக்கும் தூரத்துச் செய்தி அல்ல.

பழுதைக் காட்டிக் கொடுத்த அதே டி.என்.ஏ. வாசிப்பு, நல்லதைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் தலைகீழாக மாற்றியது. காளை பால் கறக்காது. அதன் தரத்தை மகள்களைக் கொண்டுதான் அறிய முடியும். பழைய முறையில், ஒரு வயதுக் காளையின் விந்தைப் பல பண்ணைகளுக்கு அனுப்ப வேண்டும். கன்றுகள் பிறந்து, வளர்ந்து, சினையாகி, ஈன்று, முதல் ஈத்துப் பாலை அளந்து முடிக்கும்போது காளைக்கு ஐந்து வயது தாண்டியிருக்கும். சோதித்த காளைகளில் பெரும்பாலானவை தேறாது. அத்தனை ஆண்டுத் தீவனமும் செலவும் வீண்.

2001இல் தியோ மியூவிசன், பென் ஹேய்ஸ், மைக் காடர்ட் மூவரும் ஒரு கட்டுரையில் வேறு வழி சொன்னார்கள். பால் அளவு போன்ற குணங்களை ஒரு மரபணு தீர்மானிப்பதில்லை. ஆயிரக்கணக்கான மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சமாக ஏற்றி இறக்குகின்றன. ஒவ்வொன்றையும் தேடிப் பிடிக்க வேண்டாம். மரபணுத்தொகை நெடுகிலும் நெருக்கமாக அடையாளப் புள்ளிகளை வைத்து, பால் பதிவும் டி.என்.ஏ. பதிவும் சேர்ந்தே உள்ள ஒரு பெரிய மாட்டுக் கூட்டத்தில் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு ஏற்றுகிறது, எவ்வளவு இறக்குகிறது என்று மதிப்பிடலாம். பிறகு புதிதாகப் பிறந்த கன்றின் புள்ளிகளை வாசித்துக் கூட்டிவிட்டால், அது என்ன தரும் என்ற கணிப்பு கிடைக்கும். அப்போது இது தாளில் இருந்த யோசனை மட்டும்தான். அத்தனை புள்ளிகளை மலிவாக வாசிக்க வழியில்லை.

வழி சீக்கிரமே வந்தது. ஹெர்ஃபோர்டு இனத்தைச் சேர்ந்த டாமினெட் என்ற பசுவின் டி.என்.ஏ.வை அடிப்படையாகக் கொண்ட மாட்டு மரபணுத்தொகை 2009இல் வெளியானது. அதற்கு முன்பே, 2007 இறுதியில், 54,000 புள்ளிகளை ஒரே தடவையில் வாசிக்கும் சில்லு விற்பனைக்கு வந்திருந்தது. 2009 ஜனவரியில் அமெரிக்கா இதை அதிகாரபூர்வ மதிப்பீட்டில் சேர்த்தது. அப்போது ஃப்ரெடி என்ற ஹோல்ஸ்டீன் காளைக்கு, பால் பதிவுள்ள மகள் ஒன்றுகூட இல்லை. டி.என்.ஏ. கணிப்பு அதை நாட்டின் முதல் தரக் காளை என்றது. மகள்கள் கறவைக்கு வந்து அதை மெய்ப்பித்தன.

இந்த முறையின் பலம் எங்கே என்றால், உடன்பிறப்புகளைப் பிரித்துப் பார்ப்பதில். ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த இரண்டு காளைகளை வம்சாவளி ஒன்றாகத்தான் மதிப்பிடும். ஆனால் ஒவ்வொரு கன்றும் பெற்றோரின் மரபணுக்களில் வேறு வேறு பாதியைப் பெறுகிறது. எந்தப் பாதி எதற்கு வந்தது என்பதைக் கன்றின் காதிலிருந்து எடுத்த ஒரு துளித் திசு சொல்லிவிடுகிறது. காளைகளின் தகப்பன்களைத் தேர்ந்தெடுக்கும் வழியில், ஒரு தலைமுறைக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 7 ஆண்டாக இருந்த இடைவெளி இரண்டரை ஆண்டுக்கும் கீழே இறங்கியது.

இவ்வளவு வேகம் கையில் வந்த பிறகு, எதை நோக்கி ஓடுகிறோம் என்ற கேள்விதான் முக்கியம். 1950இல் ஓர் அமெரிக்கப் பசு ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 2,400 கிலோ பால் கொடுத்தது. 2020இல் 10,700 கிலோவைத் தாண்டியது. தீவனத்துக்கும் பராமரிப்புக்கும் இதில் பங்குண்டு, மரபுக்கும் உண்டு. பல பத்தாண்டுகள் பாலை மட்டுமே அளந்து தேர்ந்தெடுத்ததில், மாடுகள் சினைபிடிக்கும் திறன் படிப்படியாகச் சரிந்தது. யாரும் அதைக் கெடுக்க நினைக்கவில்லை. அளக்காததால் தெரியவில்லை, தெரியாததால் தடுக்கவில்லை. மாட்டின் உழைக்கும் ஆயுளையும் மடிநோய் வாய்ப்பையும் காட்டும் அளவுகள் அமெரிக்கத் தேர்வுக் குறியீட்டில் 1994இல் சேர்ந்தன. மகள்களின் சினைப்பிடிப்பு 2003இல்தான். சினைப்பிடிப்பில் மாட்டுக்கு மாடு தெரியும் வேறுபாட்டில் மரபின் பங்கு 4 சதவீதம் அளவே. மற்றதெல்லாம் பராமரிப்பும் சூழலும். அவ்வளவு மங்கலான குறிப்பைப் பழைய முறையால் பிடிக்க முடியவில்லை. லட்சக்கணக்கான பதிவுகளும் டி.என்.ஏ.வும் சேர்ந்தபோது பிடிபட்டது. பால் அளவில் ஆண்டுதோறும் கிடைத்த மரபு முன்னேற்றம் ஒன்றரை முதல் இரண்டு மடங்கானது என்றால், சினைப்பிடிப்பு, ஆயுள், மடி நலம் போன்றவற்றில் அது மூன்று நான்கு மடங்கானது என்று 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. இந்த அறிவியல் மாட்டுக்கே செய்த நன்மையாக நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

வேகத்துக்கு விலையும் உண்டு. எல்லோரும் அதே பட்டியலின் உச்சியிலிருந்தே காளையை எடுத்தால் இனம் குறுகும். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சாட் டெக்கோ உள்ளிட்டோர் 2015இல் வட அமெரிக்க ஹோல்ஸ்டீன் காளைகளின் தகப்பன் வழியை ஆராய்ந்தார்கள். எல்லாம் 1880இல் பிறந்த இரண்டே காளைகளிடம் போய் முடிந்தன. அதிலும் 99 சதவீதத்துக்கு மேல் சீஃப், எலிவேஷன் என்ற இரண்டு காளைகள் வழியே. தொலைந்துபோன ஒய் குரோமோசோம்களைத் தேடி, கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸ் தேசியக் கால்நடை வித்து வங்கியில் பல பத்தாண்டுகளாக உறைந்து கிடந்த கத்பர்ட், ஜிம்மர்மன் ஆகிய காளைகளின் விந்தை எடுத்து, இன்றைய உயர்தரப் பசுக்களோடு சேர்த்துக் கன்றுகளை உருவாக்கினார்கள். வங்கியில் சேமித்து வைக்க அன்று யாருக்கோ தோன்றியிராவிட்டால் அதுவும் முடிந்திருக்காது. காங்கேயம், உம்பளாச்சேரி, பர்கூர், புலிக்குளம் இனங்களின் விந்தும் திசுவும் இன்றே பத்திரமாக உறைநிலையில் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். அந்த இனங்களைப் பால் என்ற ஒரே அளவுகோலால் தேர்ந்தெடுத்தால், உழைப்பும் வெயில் தாங்கும் திறனும் அமெரிக்க மாட்டின் சினைப்பிடிப்பு போன வழியில் போகும்.

அமெரிக்கக் கணிப்புச் சூத்திரத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து பயன்படுத்தவும் முடியாது. அடையாளப் புள்ளிக்கும் மரபணுவுக்கும் உள்ள உறவு இனத்துக்கு இனம் மாறும். குளிர்ந்த கொட்டகையில் சிறந்து விளங்கும் மரபு சித்திரை வெயிலில் சிறக்கும் என்ற உறுதியும் இல்லை. ஓர் உதாரணம்: பாலின் கொழுப்பைக் கணிசமாகக் கூட்டிக் குறைக்கும் டிஜிஏடி1 என்ற மரபணுவில், ஹோல்ஸ்டீன் மாடுகளிடம் இரண்டு வடிவங்களும் கலந்து காணப்படுகின்றன. நம் நாட்டு மாடுகளிலும் எருமைகளிலும் ஏறக்குறைய எல்லாவற்றிலும் கொழுப்பைக் கூட்டும் வடிவமே இருக்கிறது. அங்கே தேர்வுக்கு உதவும் புள்ளி இங்கே எதையும் பிரித்துக் காட்டாது. அதனால்தான் இந்திய மாடுகளுக்கும் எருமைகளுக்கும் தனிச் சில்லுகள் தேவைப்பட்டன. 2024 அக்டோபரில் கௌ சிப், மகிஷ் சிப் என்ற பெயர்களில் அவை அறிமுகமாயின.

சில்லு வந்தால் பாதி வேலைதான் முடிந்தது. மீதிப் பாதி பால் பதிவு. அமெரிக்காவில் ஒரே பண்ணையில் ஆயிரம் மாடுகளின் பால் தானாகப் பதிவாகிறது. இங்கே வீட்டுக்கு இரண்டு மூன்று மாடுகள். ஒருவர் வாளியும் தராசுமாக மாதந்தோறும் வீடு வீடாகப் போய்க் கறவையை அளக்க வேண்டும். 1963இல் மாட்டுப்பட்டியில் தொடங்கிய இந்திய–சுவிஸ் திட்டத்தின் வழியே சுனந்தினி இனத்தை உருவாக்கிய கேரளம், சிறு விவசாயிகளின் தொழுவங்களிலேயே இப்படி அளந்து காளைகளைச் சோதிக்க முடியும் என்று காட்டியிருக்கிறது. வம்சாவளி தெரியாத கலப்பின மாட்டில் சீமை இரத்தம் எவ்வளவு, நாட்டு இரத்தம் எவ்வளவு என்பதைச் சில்லு சொல்லிவிடும் என்பதால், பழைய பதிவு இல்லாத குறை இப்போது ஓரளவு ஈடாகும். இன்றைய கறவையின் அளவை எந்தச் சில்லும் சொல்லாது.

இந்திய விந்து நிலையங்கள் சீமைக் காளைகளையும் கலப்பினக் காளைகளையும் சில பரம்பரை நோய்களுக்குச் சோதித்தே சேர்க்க வேண்டும் என்ற விதி ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. சீஃபின் துண்டு, ஜெர்சியின் துண்டு போன்றவற்றைத் தவிர்க்க, பசுவின் தகப்பன் யார் என்றும் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு உறைவிந்துக் குச்சியிலும் காளையின் எண் அச்சிட்டிருக்கும். மாட்டின் காதில் 12 இலக்க எண்ணுடன் மஞ்சள் வில்லை இருக்கும். சினை ஊசி போடும் அன்று இந்த இரண்டு எண்களும் ஒன்றாகப் பதிவாகிவிட்டால், பிறக்கும் கிடேரிக்குத் தகப்பன் பெயர் கிடைத்துவிடும். அது பருவத்துக்கு வரும் நாளில் அதே வம்சத்துக் குச்சியை விலக்கி வேறொன்றை எடுக்கலாம்.