தேநீரில் கனியும் சுவை

தேநீர் என்றதும் நம்மில் பெரும்பாலோர் மனத்தில் தோன்றுவது, பாலும் சர்க்கரையும் சேர்ந்து நுரை பொங்கும் கோப்பையே. காலையில் செய்தித்தாளுடன் ஒன்று, மாலையில் பணி முடிந்து வீடு திரும்பியதும் ஒன்று என அது நம் அன்றாட வாழ்வோடு கலந்துவிட்டது. ஆயினும், இதே நாட்டில் பாலை அறவே தவிர்த்து, கனியின் புளிப்பையும் மணத்தையும் துணைக்கொண்டு தேநீர் அருந்தும் மரபுகளும் நெடுநாளாக நிலைத்திருக்கின்றன. பல்பொருள் அங்காடிகளில் வண்ண வண்ணப் பெட்டிகளில் அடுக்கப்பட்டிருக்கும் பழச்சுவைத் தேநீர்களைக் காணும்போது, இது நேற்று வந்த நாகரிகம் என்று எண்ணத் தோன்றும். உண்மையில் பெட்டிதான் புதிது, பழக்கம் பழையது.

அந்தப் பழக்கத்தின் இன்பத்தையும், அதை நாடும்போது நாம் கருத்தில் கொள்ள வேண்டிய சிலவற்றையும் வாசகர்களோடு இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

கொல்கத்தாவின் 'லெபு சா'

இந்தியத் தேயிலையின் வரலாற்றில் கொல்கத்தாவுக்குத் தனி இடம் உண்டு. அசாமில் விளைந்த தேயிலை 1839ஆம் ஆண்டு ஜனவரியில் முதன்முதலாக இலண்டனில் ஏலம் விடப்பட்டது. கொல்கத்தாவிலேயே தேயிலை ஏலம் தொடங்கியது 1861ஆம் ஆண்டின் இறுதியில். 1953ஆம் ஆண்டின் தேயிலைச் சட்டத்தின் கீழ் அமைந்த இந்தியத் தேயிலை வாரியத்தின் தலைமையகமும் அந்நகரில்தான் உள்ளது. பெருவணிகர்கள் தேயிலையைச் சுவைத்து விலை கூறும் அந்த நகரின் தெருமுனைகளில், எளிய மக்களின் விருப்பப் பானமாக விளங்குவது 'லெபு சா'. வங்காள மொழியில் 'லெபு' என்றால் எலுமிச்சை. 'சா' என்றால் தேநீர்.

இதன் செய்முறை எளிது. சுவையோ எளிதில் மறக்க இயலாதது. பாலில்லாத கறுந்தேநீரில் சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை கறுப்பு உப்பு, வறுத்துப் பொடித்த சீரகம் ஆகியன சேர்கின்றன. இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, தேயிலையின் துவர்ப்பு என நான்கு சுவைகள் ஒரே மிடற்றில் நாவை வந்தடைகின்றன. வாய்ப்பிருந்தால் 'கந்தராஜ்' எனப்படும் வங்காளத்து எலுமிச்சையையும் சேர்ப்பர். பெயருக்கேற்ப அது மணங்களின் அரசன். அதன் தோலைச் சற்றே கிள்ளினாலும் மணம் பரவும்.

எலுமிச்சை விழுந்த நொடியில் தேநீரின் அடர்ந்த செந்நிறம் வெளிறிப் பொன்னிறமாவதை நாம் கண்டிருப்போம். தேநீருக்கு நிறம் தரும் வேதிப்பொருள்கள் அமிலம் பட்டதும் தம் நிறத்தை மாற்றிக்கொள்வதே இதற்குக் காரணம். பாலும் எலுமிச்சையும் ஒரே கோப்பையில் சேராததற்கும் அமிலமே காரணம். அது பாலில் உள்ள புரதத்தைத் திரியச் செய்துவிடுகிறது. எனவே கனியை நாடுவோர் பாலைக் கைவிட வேண்டியதாயிற்று. அந்த இழப்பை ஈடுசெய்யவே உப்பும் சீரகமும் வந்து சேர்ந்தனவோ என்று எண்ணத் தோன்றுகிறது.

இந்தத் தேநீரை 'பாண்ட்' எனப்படும் சிறு மண்குவளையில் அருந்துவதே மரபு. சூடான தேநீர் பட்டதும் எழும் மண்வாசனையும் சுவையின் ஒரு பகுதியே. அருந்தி முடித்ததும் குவளை மண்ணுக்கே திரும்பிவிடும். ஒவ்வொரு குவளைக்குப் பின்னும் ஒரு குயவரின் உழைப்பு இருக்கிறது. தெர்மோகோல் குவளை மலிவாக இருக்கலாம். ஆனால் எலுமிச்சைத் தோலின் எண்ணெயில் உள்ள 'லிமோனின்' என்னும் பொருள் தெர்மோகோலைக் கரைக்கக் கூடியது. எலுமிச்சைத் துண்டு மிதக்கும் சூடான தேநீரை அத்தகைய குவளையில் வாங்காதிருப்பதே நலம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் குவளைகளுக்கு 2022ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் நாடெங்கும் தடை உள்ளது. மண்குவளையைக் கேட்டு வாங்குவதால் சட்டமும் காக்கப்படுகிறது. ஒரு குடும்பத்தின் தொழிலும் காக்கப்படுகிறது.

மலபாரின் சுலைமானி

நாட்டின் மறுகோடியில், கேரளத்தின் மலபார்க் கரையில், இதே எலுமிச்சைத் தேநீர் வேறு வடிவம் கொள்கிறது. அங்கு அதன் பெயர் சுலைமானி. கறுந்தேநீரில் ஏலக்காயும் கிராம்பும் சேர்த்து, இறுதியில் எலுமிச்சைச் சாறு பிழிந்து, சிறு கண்ணாடிக் குவளைகளில் வழங்குகின்றனர். கோழிக்கோட்டுத் திருமண விருந்துகளில் பிரியாணிக்குப் பின் சுலைமானி இல்லையெனில் விருந்து நிறைவு பெற்றதாகக் கொள்வதில்லை. நெய்யும் இறைச்சியும் நிறைந்த உணவுக்குப் பின் நாவைத் துலக்கும் புளிப்பும் மணமும் மனத்திற்கு இதமளிக்கின்றன.

வங்கத்தில் அது வழிப்போக்கரின் பானம். மலபாரில் விருந்தினரின் பானம். ஒரே இலை, ஒரே கனி. ஆனால் அவை உணர்த்தும் பொருள் ஊருக்கு ஊர் வேறுபடுகிறது.

கனியின்றிக் கனிமணம்

எந்தப் பழமும் சேராமலேயே பழத்தின் மணம் வீசும் தேநீரும் நம் நாட்டில் உண்டு. டார்ஜிலிங் மலைத் தோட்டங்களில் மே மாத இறுதியிலும் ஜூன் மாதத்திலும் பறிக்கப்படும் இரண்டாம் பருவத் தேயிலை, பழுத்த மஸ்கட் திராட்சையை நினைவூட்டும் மணத்தைப் பெற்றிருக்கிறது. 'மஸ்கடெல்' என்று உலகச் சந்தையில் போற்றப்படுவது இதுவே.

இம்மணத்தின் தோற்றம் வியப்பிற்குரியது. அந்தப் பருவத்தில் தத்துப்பூச்சிகளும் இலைப்பேன்களும் தேயிலைக் கொழுந்தின் சாற்றை உறிஞ்சுகின்றன. தாக்குண்ட செடி தன்னைக் காத்துக்கொள்ளச் சில மணப்பொருள்களை உருவாக்குகிறது. இலையை வாட்டி, உருட்டி, பக்குவப்படுத்தும்போது அவையே திராட்சை மணமாக மலர்கின்றன. பூச்சிக்கொல்லி தெளித்து எல்லாப் பூச்சிகளையும் அழித்துவிட்டால், அந்த மணத்திற்கும் வழியில்லாமற் போகும்.

2004ஆம் ஆண்டு, நம் நாட்டில் முதன்முதலாகப் புவிசார் குறியீடு பெற்ற பொருள் என்ற பெருமையை டார்ஜிலிங் தேயிலை அடைந்தது. அம்மலைப் பகுதியிலுள்ள 87 தோட்டங்களின் விளைச்சலுக்கே அப்பெயர் உரியது. எனினும், மூப்படைந்த செடிகள், மாறிவரும் மழைக்காலம், தொழிலாளர் பற்றாக்குறை ஆகியவற்றால் அங்கு விளைச்சல் குறைந்து வருகிறது. டார்ஜிலிங் என்ற பெயரில் வேற்றிடத்துத் தேயிலை விற்கப்படுவதும் உண்டு. உண்மையான டார்ஜிலிங்கை நாடுவோர், இலைகளை ஏந்திய பெண்ணின் பக்கத்தோற்றம் பொறித்த முத்திரை பெட்டியில் உள்ளதா என்று பார்த்து வாங்குதல் வேண்டும்.

கடல் கடந்த கோப்பைகள்

கனியும் தேயிலையும் இணைந்த கதை நம் எல்லையோடு முடிவதில்லை. 'ஏர்ல் கிரே' என்னும் புகழ்பெற்ற தேநீர், 'பெர்கமாட்' என்னும் நாரத்தை இனக் கனியின் தோல் எண்ணெயால் மணமூட்டப்பட்டது. இக்கனி இத்தாலியின் தென்கோடியான கலாப்ரியா பகுதியில் மிகுதியாக விளைகிறது. 1830 முதல் 1834 வரை பிரித்தானியப் பிரதமராக இருந்த சார்லஸ் கிரே பிரபுவின் பெயரை அத்தேநீர் தாங்கி நிற்கிறது.

உருசியாவில் தேநீரில் எலுமிச்சைத் துண்டு மிதக்கவிடுவது வழக்கம். உடன் பழப்பாகைக் கரண்டியால் சுவைத்தவாறே தேநீரைப் பருகுவதும் உண்டு. கொரியாவில் 'யூஜா' என்னும் கனியைத் தோலோடு நறுக்கி, தேனிலோ சர்க்கரையிலோ ஊறவைத்து, குளிர்காலத்தில் வெந்நீரில் கலந்து அருந்துகின்றனர். அதில் ஒரு தேயிலைகூட இல்லை. ஆயினும் 'யூஜா சா' என்றே அது வழங்குகிறது.

எலுமிச்சையுடன் பனிக்கட்டி சேர்ந்த குளிர்தேநீருக்கும் இந்தியாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1904ஆம் ஆண்டு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில், இந்தியத் தேயிலையைப் பரப்பும் பொறுப்பேற்றிருந்த ரிச்சர்ட் பிளெச்சின்டன் குளிர்தேநீரை வழங்கிப் பெருங்கூட்டத்தை ஈர்த்தார். குளிர்தேநீர் அதற்கு முன்பே அந்நாட்டில் அறியப்பட்டிருந்தது. எனினும் அதன் புகழ் பரவ அக்கண்காட்சி பெரிதும் உதவியது. குளிர்ந்த பின்னரும் கலங்காமல் தெளிவாக நிற்கும் நம் நீலகிரித் தேயிலை, இவ்வகைப் பானத்திற்கு மிகவும் ஏற்றது என்று வணிகர்கள் மதிக்கின்றனர்.

பெட்டியில் எழுதியிருப்பது என்ன?

இன்று கடைகளில் பழச்சுவைத் தேநீர் என விற்கப்படுபவை மூவகைப்படும். முதல்வகை, தேயிலையோடு உலர்ந்த பழத்துண்டோ தோலோ கலந்தது. இரண்டாம் வகை, தேயிலையின் மீது சுவைமணப் பொருள் மட்டும் தெளிக்கப்பட்டது. மூன்றாம் வகை, செம்பருத்தி இன மலர், உலர்ந்த ஆப்பிள் போன்றவற்றால் ஆனது, தேயிலையே இல்லாதது. நம் நாட்டின் உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, தேயிலை என்பது 'கமெலியா சினென்சிஸ்' என்னும் செடியிலிருந்து பெறப்படுவது மட்டுமே. சுவைமணம் ஊட்டப்பட்ட தேயிலையாயின், அதனைப் பெட்டியின் மேல் குறிப்பிடவேண்டும்.

மூன்றில் எதுவும் தாழ்ந்ததன்று. இரவில் உறக்கம் கெடாதிருக்க விரும்புவோர்க்குக் காஃபீன் இல்லாத மூன்றாம் வகை பொருத்தமானது. ஆனால் மாம்பழத்தின் படத்தைக் கண்டு மாம்பழத்திற்கான விலையைக் கொடுத்துவிட்டு, வெறும் சுவைமணத்தைப் பெற்று வருவது நமக்கு நட்டமன்றோ? எந்தவொரு படிவத்திலும் கையெழுத்திடுமுன் சிறிய எழுத்துகளைப் படிக்கும் வழக்கம் நமக்கு உண்டு. அதே வழக்கத்தைத் தேயிலைப் பெட்டியின் பின்புறத்திற்கும் நீட்டிக்கலாம். நாட்டின் மொத்தத் தேயிலையில் பாதிக்கும் மேல் சிறு விவசாயிகளின் நிலங்களிலிருந்து வருகிறது என்பதால், உண்மையான இலைக்கு நாம் தரும் விலை அவர்களின் வாழ்விலும் எதிரொலிக்கிறது.

இல்லத்தில் தயாரிக்க

நல்ல பழச்சுவைத் தேநீருக்கு விலையுயர்ந்த பெட்டி தேவையில்லை. ஒரு குவளைக்கு 200 மி.லி. நீரைக் கொதிக்கவைத்து இறக்கி, 2 கிராம் தேயிலையை இட்டு மூன்று நிமிடம் மூடி வைத்தால் போதும். அடுப்பிலேயே நெடுநேரம் கொதிக்கவிட்டால் துவர்ப்பு மிகுந்து கனியின் மென்சுவை மறைந்துவிடும். வடிகட்டி, வெல்லமோ சர்க்கரையோ கலந்து, சூடு சற்றுத் தணிந்த பின்னரே எலுமிச்சைச் சாற்றைச் சேர்க்க வேண்டும். சாற்றைக் கொதிக்கவிட்டால் மணமும் குன்றும். வைட்டமின் சி சத்தும் குறையும். புளிப்பு சேர்வதால் அலுமினியப் பாத்திரத்தைத் தவிர்த்து, எவர்சில்வர் அல்லது கண்ணாடிக் கலத்தைக் கொள்வது நலம்.

உண்டபின் எறிந்துவிடும் ஆரஞ்சுத் தோலை நன்கு கழுவி, உள்ளிருக்கும் வெண்பகுதியை நீக்கி, நிழலில் உலர்த்தி வைத்துக்கொள்ளலாம். தேயிலையோடு ஒரு துண்டு தோலை இட்டால் இனிய மணம் கிடைக்கும். ஆப்பிள் துண்டும் பட்டையும், அன்னாசித் துண்டும் இஞ்சியும் நல்ல இணைகள். கோடையில் இவற்றையே குளிரவைத்து, வரும் விருந்தினருக்குப் புட்டியில் அடைத்த குளிர்பானத்திற்கு மாற்றாக அளிக்கலாம்.

உடல்நலக் கணக்கு

இறுதியாக ஒரு செய்தி. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை உள்ளது. தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள், கீரை, பருப்பு, தானியம் ஆகியவற்றிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கின்றன. எலுமிச்சையின் வைட்டமின் சி அச்சத்து சேர்வதற்கு உதவுவதுதான். எனினும் தேநீரின் தடையை அது முழுமையாக நீக்கிவிடும் என்று எண்ணிவிடலாகாது. உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் தேநீரையும் காப்பியையும் தவிர்க்குமாறு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட உணவு வழிகாட்டி அறிவுறுத்துகிறது.

ஆகவே, இல்லத்துப் பெண்களும் வளரும் பிள்ளைகளும் எலுமிச்சையைச் சோற்றிலும் பருப்பிலும் பிழிந்து உண்ணட்டும். தேநீரை ஒரு மணி நேரம் தள்ளி வைக்கட்டும். காத்திருப்பதால் தேநீரின் சுவை குறைந்துவிடப் போவதில்லை. உண்ட களைப்பு நீங்கி, வேலைகள் ஒருவாறு ஓய்ந்து, வீட்டார் அனைவரும் ஓரிடத்தில் அமரும் அந்த மாலை வேளையே எலுமிச்சைத் தேநீருக்கு மிகப் பொருத்தமான நேரம். கொல்கத்தா செல்லும் வாய்ப்பு அமையும் வாசகர்கள், ஒரு மண்குவளை 'லெபு சா'வை அருந்தாமல் திரும்ப வேண்டாம் என்றும் அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.