சிக்கர் பாயிண்ட்: தேதி இல்லாத ஒரு லாக்

எடின்பரோவில் வேலை பார்க்கும் நம்மாட்கள் சனி ஞாயிறு வந்தால் ஏரி, கோட்டை என்று வடக்கே கிளம்பிவிடுவார்கள். கிழக்கே அறுபது கிலோமீட்டர் சொச்சத்தில், கடலோரமாக ஒரு பாறை முனை இருக்கிறது. பெயர் சிக்கர் பாயிண்ட். புவியியல்காரர்களுக்கு அது காசி, ராமேஸ்வரம் மாதிரி. நான் படித்தது பி.இ., சோறு போடுவது சாஃப்ட்வேர். ஆனாலும் ரொம்ப நாளாக என் பட்டியலில் இருந்த இடம். போன சனிக்கிழமை குடும்பத்தோடு போய்ப் பார்த்தாச்சு.

ஏ1 சாலையில் கோபர்ன்ஸ்பாத் ஊரைத் தாண்டிக் கடல் பக்கம் திரும்ப வேண்டும். காரை நிறுத்திவிட்டு மேய்ச்சல் நிலம் வழியாக நடை. வழியில் கூரை இல்லாத ஒரு பழைய தேவாலயம். அதையும் தாண்டினால் குன்றின் விளிம்பு, ஒரு தகவல் பலகை, கீழே பாறை. இறங்கும் புல்சரிவு ரொம்பச் செங்குத்து. மழை பெய்திருந்தால் மேலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

"இந்த ரெண்டு கலர் கல்லைப் பாக்கவாங்க இவ்ளோ தூரம் வந்தோம்?" என்றாள் மனைவி. நியாயமான கேள்விதான். இரண்டு நிறக் கல் தான் அது. அடியில் சாம்பல் நிறப் பாறை, அலமாரியில் அடுக்கிய புத்தகங்கள் மாதிரி ஏறக்குறைய நட்டுக்குத்தலாக நிற்கிறது. அதன் தலைமேல் சிவப்பு மணற்பாறை, லேசான சாய்வில் பாய் விரித்த மாதிரி படுத்திருக்கிறது. பார்க்க வேண்டியது இரண்டும் தொடுகிற கோட்டை.

சேறும் மணலும் தண்ணீருக்கடியில் படியும்போது கிடையாகத்தான் படியும். நட்டுக்குத்தலாகப் படிய வழியே இல்லை. அப்படியானால் சாம்பல் அடுக்குகள் முதலில் கடலடியில் படிந்து, இறுகிக் கல்லாகி, அதன் பிறகு மடங்கி நிமிர்ந்திருக்க வேண்டும். அவற்றின் மேல்முனைகள் அரிந்து கிடக்கின்றன. ஆக, தரைக்கு மேலே வந்து காற்றிலும் மழையிலும் தேய்ந்திருக்கின்றன. அதற்கப்புறம்தான் ஆறுகள் கொண்டுவந்த சிவப்பு மணல் மேலே படிந்திருக்கிறது. அதுவும் கல்லாகி, சற்றே சாய்ந்து, இப்போது கடல் இரண்டையும் சேர்த்து அரித்துக்கொண்டிருக்கிறது.

"சிவப்பு முதலில் இருந்து, சாம்பல் கீழேயிருந்து முட்டிக்கொண்டு வந்திருக்கக் கூடாதா?" என்று ஒருவர் கேட்கலாம். பதில் அங்கேயே இருக்கிறது. சிவப்புப் பாறையின் அடிப்பகுதியை உற்றுப் பார்த்தால், முனை மழுங்காத சாம்பல் கல் துண்டுகள் உள்ளே பதிந்திருக்கின்றன. சிவப்பு மணல் படியும்போதே சாம்பல் பாறை உடைந்து துண்டாகக் கிடந்திருக்கிறது என்று அர்த்தம். எனக்கு அன்றைக்கு மிகவும் பிடித்தது இந்தத் துண்டுகள்தான்.

நம் தொழில் பாஷையில் சொன்னால், இது டைம்ஸ்டாம்ப் இல்லாத லாக் ஃபைல். எது முன், எது பின் என்று தெரியும். எப்போது என்று தெரியாது. 1788ல் ஜேம்ஸ் ஹட்டன் இங்கே படகில் வந்தபோது அவர் கையில் இருந்ததும் அவ்வளவுதான். கூட வந்தவர்கள் கணிதப் பேராசிரியர் ஜான் பிளேஃபேர், பக்கத்து டங்லாஸ் எஸ்டேட்காரர் சர் ஜேம்ஸ் ஹால். ஹட்டன் மருத்துவம் படித்தவர், இந்த வட்டாரத்திலேயே பண்ணை வைத்து விவசாயம் பார்த்தவர். தெற்கே மலையில் சாம்பல் பாறை, வடக்கே தாழ்ந்த நிலத்தில் சிவப்புப் பாறை என்று அவருக்குத் தெரியும். இரண்டும் எங்கேயோ சந்தித்தாக வேண்டும், அலை அரித்த கரையில் அந்தச் சந்திப்பு வெளியே தெரியும் என்று கணக்குப் போட்டுத்தான் கரையோரமாகத் தேடிக்கொண்டு வந்தார்கள். குருட்டு அதிர்ஷ்டம் இல்லை.

உலகம் கி.மு. 4004ல் படைக்கப்பட்டது என்ற அஷர் பாதிரியாரின் கணக்கு அச்சிட்ட பைபிளின் ஓரத்திலேயே இருந்த காலம் அது. படிந்து, இறுகி, மடங்கி, தேய்ந்து, மறுபடி படிந்து: இத்தனையும் ஆறாயிரம் வருடத்தில் அடங்காது. எத்தனை வருடம் என்று ஹட்டன் எண் சொல்லவில்லை. சொல்ல வழியும் இல்லை. எண்கள் 20ஆம் நூற்றாண்டில், கதிரியக்கத்தை வைத்து வந்தன. சாம்பல் பாறைக்குச் சுமார் 43.5 கோடி ஆண்டு, சிவப்புக்குச் சுமார் 37 கோடி. நடுவில் 6.5 கோடி ஆண்டுக்கு இங்கே கல்லே கிடையாது. டைனோசர்கள் அழிந்ததிலிருந்து இன்றுவரை உள்ள காலம் ஏறக்குறைய அதே அளவு. அவ்வளவும் ஒரு கோட்டுக்குள் போய்விட்டது. கையை விரித்து வைத்தால் ஒரு விரல் அந்தப் பக்கம், இன்னொரு விரல் இந்தப் பக்கம்.

இப்படிப்பட்ட இடைவெளி நம் ஊரிலும் உண்டு. திருச்சி, பெரம்பலூர், அரியலூர் பக்கம் மிகப் பழைய நைஸ் பாறைகளின் மேல், சுமார் 10 கோடி ஆண்டுக்கு முந்தைய கடல் படிவுகள் உட்கார்ந்திருக்கின்றன. அம்மோனைட்டுகள் கிடைக்கும் இடம். அங்கே விடுபட்ட காலம் சிக்கர் பாயிண்ட் இடைவெளியைப் போலப் பல மடங்கு. ஹென்றி பிளான்ஃபோர்டு அந்தப் பாறைகளைப் பற்றி எழுதிய விரிவான அறிக்கை 1862ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை வெளியீடாக வந்தது. அடுத்த லீவில் ஊருக்கு வரும்போது காரை கிராமத்துப் பக்கம் ஒருநாள் போவதாக இருக்கிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

சிக்கர் பாயிண்ட் போகிறவர்கள் அலை நேரம் பார்த்துப் போங்கள், நீர் வற்றும்போது அடிப்பகுதி நன்றாகத் தெரியும். சுத்தியல் வேண்டாம், அது பாதுகாக்கப்பட்ட இடம்.